அரசாங்க இலாகாவிலிருந்து நம் ஐசி (அடையாள அட்டை) விவரம் கசிந்தால் நமக்கு யார் சொல்வது?

பிறைக்காரன்:
போன வாரம் அம்மாவுக்கு ஒரு போன். ‘போலிஸ்’ என்றானாம். ஐசி எண், அப்பா பெயர், வீட்டு முகவரி எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான். அம்மா பேங்க் கார்டைத் தேட ஆரம்பித்துவிட்டார். நான் போனைப் பிடுங்கி வைத்து, மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைத்தேன். பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டு எண் 71. ஓர் அரசாங்க அலுவலகத்தில் மட்டும் 17 என்று தப்பாகத் தட்டிவிட்டார்கள், இன்னும் திருத்தவில்லை. அவன் சொன்னது 17.

சட்டத்தைப் புரட்டினால், மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 3ஆவது பிரிவிலேயே ‘மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது’ என்கிறது. மளிகைக் கடைக்குச் சட்டம், இலாகாவுக்குக் கிடையாதா?

கிளார்க்கம்மா (கோலாலம்பூர்):
தம்பி, அம்மா தப்பித்தது நல்லது. ஆனால் சட்டமே இல்லாத மாதிரி எழுதாதீங்க. தண்டனைச் சட்டம் 203ஏ பிரிவு இருக்கு. வேலையில் கிடைத்த தகவலை வெளியே விட்டால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. கவுண்டரில் உட்காரும் எங்களுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு.

இன்னொன்று. 2025 ஆகஸ்டு 31லிருந்து 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் அடிப்படைப் பொருள் வாங்க 100 ரிங்கிட் சாரா உதவி வந்ததே, யாராவது விண்ணப்பப் பாரம் நிரப்பினீங்களா? மைகாட்டை (ஐசி அட்டையை)க் கொடுத்தோம், அரிசி வாங்கினோம். விவரம் அரசாங்கத்திடம் இருந்ததால்தான் அது முடிந்தது. அரசாங்கத்துக்கே அபராதம் போட்டால் அது யார் வரிப்பணம்? சட்டைப் பையிலிருந்து கால்சட்டைப் பைக்கு மாற்றுவதுதான்.

செந்தூல்_பையன்:
ரெண்டு பேரும் வேற இடத்துல தேடுறீங்க. ஐசி எண் என்ன பெரிய ரகசியமா? முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள், அடுத்த ரெண்டு பிறந்த மாநிலம் (பினாங்குன்னா 07), கடைசி இலக்கம் ஒற்றைப்படைன்னா ஆண். பிறந்தநாள் கேக் வெட்டுற படத்தைப் பார்த்தாலே பாதி எண் கிடைச்சிடும். மீதிக்கு கொண்டோ வாசல் காவலாளியோட நோட்டுப் புத்தகம் இருக்கு.

அதையே சாவியாக்குறதுதான் கோளாறு. 2024 ஜனவரி 2ல, மக்கள் விவரத்தைச் சேர்க்கிற அரசாங்கத்தோட பாடு தளத்தைத் திறந்தாங்க. ஐசி எண்ணும் அஞ்சல் குறியீடும் இருந்தா அடுத்தவர் பேர்ல பதிஞ்சிடலாம்னு முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் சொன்னார். அப்புறம் சரி பண்ணாங்க. முன்னாடியே யோசிச்சிருக்க வேணாமா?

பிறைக்காரன்:
கிளார்க்கம்மா, அபராதத்தை விடுங்கள், நான் அதைக் கேட்கவே இல்லை. 203ஏ விவரத்தை விற்ற ஆளைப் பிடிக்கும், சரி. ஓட்டையைக் கவனிக்காமல் விட்ட இலாகாவை என்ன செய்யும்?

2025 ஜூன் 1 முதல் தனியார் நிறுவனத்தில் தரவு கசிந்தால் 72 மணி நேரத்தில் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குச் சொல்லியாக வேண்டும். பெரிய பாதிப்பு வரும் என்றால், அதிலிருந்து 7 நாளுக்குள் நமக்கும் சொல்ல வேண்டும். இலாகாவுக்கு அந்தக் கடமை இல்லை. அதே ஆண்டு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம் மத்திய இலாகாக்களுக்கு இடையே விவரம் போய்வர வழி செய்துவிட்டது. வாசல் கூடிவிட்டது, சொல்ல மட்டும் ஆளில்லை. ‘உங்கள் விவரம் வெளியே போய்விட்டது, இப்படிப் போன் வந்தால் நம்பாதீர்கள்’ என்று ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால் அம்மா கார்டைத் தேடியிருக்க மாட்டார்.

கிளார்க்கம்மா:
2024 சைபர் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தையும் கட்டுப்படுத்துது. முக்கியக் கணினி அமைப்பில் சம்பவம் நடந்தால் நக்சாவுக்கு (தேசிய சைபர் பாதுகாப்பு நிறுவனம்) தெரிவிக்கணும்.

பிறைக்காரன்:
நக்சாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு?

கிளார்க்கம்மா:
சரி, அந்தக் கேள்வி நியாயம். ஆனால் உள்ளே இருந்து பார்க்கிறவள் சொல்றேன். கசிவைக் கண்டுபிடித்துச் சொல்லும் கீழ்நிலை ஊழியர் தலையில்தான் முதலில் விழும். அவரைக் காப்பாற்ற வழி வைக்காமல் ‘அறிவி’ என்று மட்டும் சட்டம் போட்டால், மூடி மறைப்பதுதான் கூடும்.

செந்தூல்_பையன்:
இதை முதல்லயே சொல்லியிருந்தா சண்டை பாதி குறைஞ்சிருக்கும் அக்கா. பிறை, அந்த 17 என்னாச்சு?

பிறைக்காரன்:
நேற்றுப் போனேன். திருத்த வேண்டுமானால் அம்மாவின் ஐசி நகல் ஒன்று வேண்டுமாம்.

கிளார்க்கம்மா:
கொடுக்கும் முன் நகலின் குறுக்கே ரெண்டு கோடு போட்டு, நடுவில் ‘முகவரி திருத்தத்துக்கு மட்டும்’ என்று மலாயில் எழுதி, தேதியும் போடுங்க தம்பி. நானும் அப்படித்தான் கொடுக்கிறேன்.