கலைச்சொல் வேண்டும்: ‘ஹெட் ரிலேட்டட் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன்’

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு திசையிலிருந்து வரும் ஒலி, தலையிலும் செவிமடலிலும் பட்டுக் காதுக்குள் புகும்போது எப்படி மாறுகிறது என்பதைக் குறிக்கும் சொல் இது. வீட்டில் ஸ்பீக்கர் வைக்கும் முறை பற்றிய கையேட்டில் இதற்குத் ‘தலைசார் மாற்றுச் சார்பு’ என்று இட்டிருக்கிறோம். ஒரே தொடரில் இரண்டு ‘சார்’; வாய்விட்டுப் படித்தால் இடறுகிறது. ‘மாற்று’ என்றதும் மாற்று மருத்துவம், மாற்று வழி என்றுதான் மனம் போகும்.

‘மடல்வடி’ என்று வைக்கலாமா? வேலையில் பெரும்பங்கு செவிமடலுடையது. மடலின் நடுக்குழி 4 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. மடிப்புகளில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக நுழையும் ஒலியைவிட மிகச் சற்றே பிந்தி வந்து அதனோடு கலப்பதால், 6 முதல் 10 கிலோஹெர்ட்ஸுக்குள் ஓரிடத்தில் ஒலி குறைந்து பள்ளமாகிவிடும். ஒலி மூலம் உயர உயர அந்தப் பள்ளமும் மேல் அதிர்வெண்ணுக்கு நகரும். ஒலி நேரே வருகிறதா, மேலிருந்து வருகிறதா என்று மூளை கண்டுகொள்வது பெரும்பாலும் இதை வைத்துத்தான். மடலின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. பள்ளம் விழும் இடமும் வேறு.

———

மறுமொழி

> ‘மடல்வடி’ என்று வைக்கலாமா?

ஐயா, இந்தக் குழுவிலேயே பாதிப்பேர் அதை மின்னஞ்சலில் எரிதக் கடிதங்களை (ஸ்பாம்) ஒதுக்கும் கருவி என்று நினைப்பார்கள்!

அதை விடுங்கள். பொருளும் முழுமையாக இல்லை. 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழே மடலுக்கு ஏறக்குறைய வேலையே கிடையாது. அங்கே இடவலத்தைச் சொல்வது இரு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாடு. நேர் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலிக்கு அது சுமார் 0.65 மில்லிநொடி. அதற்கு மேலே, தலை மறைப்பதால் தொலைக்காதில் ஒலி குறைகிறது. ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே 1907இல் பிரித்துக் காட்டிய இந்த இரண்டும் தலையின் வேலை. தோளில் பட்டு வருவதும் உண்டு. ஆகவே தலை, தோள், மடல் மூன்றையும் கடந்து செவிக்குள் புகும்போது ஒலி என்னவாகிறது என்பதே பொருள். அளக்கும்போதும் சிறு மைக்கைச் செவிக்குழலின் வாயில்தான் வைக்கிறார்கள்.

‘செவிபுகு சார்பு’ எப்படி? எதைச் சார்ந்தது என்று கேட்டால் திசையையும் அதிர்வெண்ணையும். மடலின் பங்கை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் ‘மடல் வடிப்பு’ இருக்கட்டும்.

கையேட்டில் ஒரு பிழையும் கண்ணில் பட்டது. ‘நடுவில் ஒலிக்கும் பாடகர் குரல் சற்று மங்கினால் ஸ்பீக்கர் தரமற்றது’ என்று இருக்கிறது. அப்படிச் சொல்ல முடியாது. ஸ்பீக்கர்கள் இடமும் வலமும் 30 பாகையில் இருந்தால், ஒவ்வொரு காதும் அதே குரலை இரண்டு முறை கேட்கிறது; எதிர்ப்பக்க ஸ்பீக்கரிலிருந்து வருவது 0.26 மில்லிநொடி பிந்துகிறது. அதனால் 2 கிலோஹெர்ட்ஸ் அருகே குரலில் பள்ளம் விழும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இரண்டே ஸ்பீக்கர் என்றால் இது இருக்கும். நடுவில் உண்மையாகவே ஒரு ஸ்பீக்கர் வைத்தால் போய்விடும்.

———

மறுமொழி

‘செவிபுகு சார்பு’க்கு என் ஒப்புதல். இலங்கை வாசகருக்கும் ‘சார்பு’ பழகிய சொல்தான். ‘அதிர்வெண்’ வருமிடத்தில் மட்டும் ‘மீடிறன்’ என்பதையும் ஒருமுறை குறித்துவிடுங்கள்.

சொல் மாறினால் கையேட்டின் அமைவுப் பகுதியும் மாற வேண்டும். அறையின் கோளாறும் காதின் வேலையும் அங்கே ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியால் விழும் பின்சுவர்ப் பள்ளம் முழுக்க அறையின் விவகாரம். ஸ்பீக்கர் முகத்துக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் அளந்து 86ஐ அதனால் வகுத்தால், எந்த ஹெர்ட்ஸில் ஒலி இழக்கிறோம் என்று தெரியும். 60 செ.மீ. என்றால் 143 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் இடந்தலை வலுவிழக்கும் பகுதி. இதில் காதுக்குச் சம்பந்தமில்லை.

காதுக்குச் சம்பந்தமுள்ளது உயரம். நாற்காலியில் அமர்பவருக்குக் காது தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர். பாயில் அமர்பவருக்கு 70, 75 செ.மீ. ட்வீட்டரை (ஸ்பீக்கர் பெட்டியில் மேல் அதிர்வெண் ஒலியைத் தரும் சிறு பகுதி) அந்த மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பரணிலோ பீரோ மேலோ ஸ்பீக்கரை ஏற்றிவிட்டு ஈக்வலைசரில் சரிசெய்யலாம் என்று கையேடு சொல்வது தவறு. ஈக்வலைசர் ட்ரெபிளைக் கூட்டும், குறைக்கும். ‘மேலிருந்து வருகிறது’ என்று மடல் வடிப்பு சொல்வதை அழிக்காது. மூளை தன் மடலுக்குப் பழகியிருக்கிறது. நெதர்லாந்தில் சிலருடைய மடல் குழிகளில் அச்சு பொருத்திச் சோதித்தார்கள். 1998இல் முடிவு வெளியானது. பொருத்தியவுடன் மேல் கீழ் அறியும் திறன் குலைந்தது, இடவலம் குலையவில்லை. சில வாரங்களில் புது வடிவத்துக்குப் பழகினார்கள். அச்சை எடுத்த பின்னும் பழைய திறன் அப்படியே இருந்தது. மடலுக்கும் தலைக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அளவு நாடாவைச் சுவரிலிருந்து பிடிக்காமல், இரு ட்வீட்டர்களிலிருந்தும் மூக்கு இருக்குமிடத்துக்குப் பிடிக்கச் சொல்லுங்கள். 1 செ.மீ. வித்தியாசம் பொருட்டல்ல. 10 செ.மீ. என்றால் 0.3 மில்லிநொடி, குரல் நடுவை விட்டு அருகிலுள்ள ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்துவிடும். பல வீடுகளில் ‘ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறது’ என்ற புகாருக்கு இதுவே காரணம், பேலன்ஸ் குமிழ் அல்ல.

சோபாவின் உயர்ந்த சாய்மானம் பற்றி ஒரு வரிகூட இல்லை. ரெக்சின் முதுகு காதுக்கு 10 செ.மீ. பின்னால் இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒலி 20 செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்து 860 ஹெர்ட்ஸ் அருகிலும் அதற்கு மேலே வரிசையாகவும் பள்ளங்களை உண்டாக்கும். தடித்த கம்பளியை மடித்துப் போட்டால் மேல் அதிர்வெண்களில் ஓரளவு அடங்கும். சாய்மானம் தோளோடு நிற்பதே நல்லது.

‘டோ-இன்’னுக்கு ‘உட்சாய்வு’ என்று போட்டதையும் மாற்றுங்கள். பெட்டியைச் சாய்ப்பதில்லை, திருப்புகிறோம்: ‘உள்முகத் திருப்பம்’. முதலில் ட்வீட்டர் நேராகக் காதைப் பார்க்கட்டும். பெட்டியின் பக்கப்பலகை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ‘ஸ’ ஒலி உறுத்தினால் 5 பாகை வீதம் வெளிப்புறம் திருப்பி, உட்பலகை கொஞ்சம் தெரியும்வரை போகலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்ப வேண்டும்.

———

மறுமொழி

மூன்று சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன். பரண், ஈக்வலைசர் பத்தியை நீக்கிவிட்டேன். சோபா பத்தி சேர்கிறது.

கேட்பவர் அமர ஏற்ற இடமான ‘ஸ்வீட் ஸ்பாட்’டுக்கு இருக்கும் ‘இனிமைப் புள்ளி’யும் உறுத்துகிறது. அது புள்ளியே அல்ல: நடுக்கோட்டில் முன்னே பின்னே நகர்ந்தாலும் இரு ஸ்பீக்கர்களும் சமதூரத்தில்தான் இருக்கும், பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்தால் போச்சு. ‘நடுவிருக்கை’ என்பது என் பரிந்துரை. மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.