வேன்ல ரேடியோ போகுது, இறங்கி நடந்தா போகல. வேன் ரிப்பீட்டர் போடலாமா?

வேன்_தம்பி_பினாங்கு:

வணக்கம் அண்ணன்மாரே. பினாங்குல ஒரு தொண்டூழிய ஆம்புலன்ஸ் குழுவுல இருக்கேன், ரேடியோ பொறுப்பு என் கையில. போன மாசம் தித்தி கெராவாங் தாண்டி ஒரு டுரியான் தோட்டத்துல ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) சரிவுல விழுந்து கால் முறிஞ்சு கெடந்தாரு. வேன ரோட்டு ஓரமா விட்டுட்டு மூணு பேரு ஸ்ட்ரெச்சரோட இறங்குனோம், 200 மீட்டர்கூட இருக்காது. கையில 5 வாட் செட்டு. கண்ட்ரோல் பேசறது எனக்கு சுத்தமா கேக்குது, நான் பேசறது அங்க போகவே இல்ல. கடைசில ஒருத்தன மேல ஓட விட்டு வேன்ல இருக்கற 45 வாட் செட்ல சொல்ல வெச்சோம், அதுல மொத தடவையே போயிடுச்சு. பாக்சிக் வலி தாங்காம என் கைய விடவே இல்ல, நான் இன்னொரு கையில ரேடியோவ தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்.

எங்க மெயின் ரிப்பீட்டர் (வர்ற பேச்ச வாங்கி பலமா திருப்பி அனுப்பற நிலையம்) விஎச்எஃப் அலைவரிசை, தீவோட கிழக்குப் பக்கம் இருக்கு, நடுவுல மலை. ரெண்டு வேன் இருக்கு. வேன் செட்டையே ரிப்பீட்டர் மாதிரி வேலை செய்ய வைக்கலாம்னு சொல்றாங்க, ரெண்டு வேன்லயும் போடலாமா? தைப்பூசத்துக்கு தண்ணீர்மலையிலயும் டூட்டி இருக்கு, அதுக்கு முன்னாடி செஞ்சிடணும்னு பாக்குறேன்.

ரேடியோ_பட்டறை_பட்டர்வொர்த்:

தம்பி, உங்களுக்கு கேக்குது ஆனா நீங்க பேசறது போகலன்னு சொன்னீங்க பாத்தீங்களா, அதுதான் விஷயமே. ரிப்பீட்டர் உயரத்துல உக்காந்து நல்ல பவர்ல அனுப்புது, நீங்க ரப்பர் ஆன்டெனாவோட 5 வாட்ல, அதுவும் இடுப்புல மாட்டியிருந்தா பாதிக்கு மேல ஒடம்பே தின்னுடும். வேன் ரிப்பீட்டர் போட்டா கைசெட் அந்த 200 மீட்டர் போனா போதும், மலைய தாண்டுற வேலைய வேன் பாத்துக்கும்.

கைசெட்டோட பேசறதையும் மெயினுக்கு அனுப்பறதையும் ஒரே பேண்ட்ல (அலைவரிசைத் தொகுப்புல) வைக்காதீங்க, வேன் 45 வாட்ல கத்தும்போது பக்கத்துல இருக்கற அதோட ரிசீவர் செவிடாயிடும், அத தடுக்க பெரிய கேவிட்டி ஃபில்டர் வேணும், வேன்ல அதுக்கு எடம் ஏது. மெயின் விஎச்எஃப், கைசெட்டுக்கும் வேனுக்கும் நடுவுல யுஎச்எஃப் (விஎச்எஃப்ப விட உயர்ந்த பேண்ட்), இப்படி ரெண்டு பேண்ட்ட இணைக்கற கிராஸ்பேண்ட்தான் உங்களுக்கு சரி. இதுல ஒண்ணு பலபேரு மறந்துடுவாங்க, விஎச்எஃப் அலைவரிசைய மூணால பெருக்கிப் பாருங்க. வேன் 151.5 மெகாஹெர்ட்ஸ்ல அனுப்புதுன்னா அதோட மூணாவது ஹார்மோனிக் (மூணு மடங்குல கூடவே வர்ற வேண்டாத சிக்னல்) 454.5ல விழும், கைசெட்டையும் போயி அங்கயே வெச்சீங்கன்னா வேன் பேச ஆரம்பிச்ச உடனே கைசெட் அமுங்கிடும். கொஞ்சம் தள்ளி வைங்க.

அடுத்தது வால். மெயின் ரிப்பீட்டர் ஒருத்தர் பேசி முடிச்சப்புறமும் ரெண்டு மூணு செகண்ட் ஆன்லயே இருக்கும்ல, வேன் அதையும் கேட்டு யுஎச்எஃப்ல அனுப்பிக்கிட்டே இருக்கும், அந்த நேரத்துல கைசெட்டுல என்ன கத்துனாலும் வேனுக்கு கேக்காது. பேசும்போது மட்டும் டோன் (பேச்சோட சேர்ந்து போற அடையாள ஒலி) வர்ற மாதிரியும் வால்ல டோன் நிக்கற மாதிரியும் மெயின் ரிப்பீட்டர்ல செட் பண்ண சொல்லுங்க, வேன்ல டோன் ஸ்குவெல்ச் போடுங்க, அதாவது டோன் இருந்தாதான் வேன் கேக்கும், அந்தத் தொல்லை போயிடும். யுஎச்எஃப் பக்கம் பவர கொறைச்சி வைங்க, 5 வாட்டே தாராளம். மெயின் சேனல்ல யாரு பேசுனாலும் வேன் அத திருப்பி அனுப்பும், தைப்பூசம் மாதிரி நாள்ல செட்டு சூடாயி படுத்துடும்.

பழைய_போம்பா:

தம்பி, ரெண்டு வேன்லயும் மாட்டிக்கோங்க, ஆனா ஒரு எடத்துல ஒண்ணுதான் ஆன்ல இருக்கணும். ரெண்டும் ஒரே கைசெட்ட கேட்டு ஒரே நேரத்துல அனுப்புனா மெயின் சேனல்ல வெறும் கீச்சு சத்தம்தான் வரும். இதுக்குன்னே செஞ்ச வேன் ரிப்பீட்டர்ல ஒரு வண்டி மட்டும் வேலை செய்யும், மத்தது தானா ஒதுங்கி நிக்கும், அது போயிட்டா இது எடுத்துக்கும். சாதாரண டூவல்பேண்ட் (ரெண்டு பேண்ட்லயும் பேசற) செட்டுல அந்த வசதி இல்ல, அதனால இத ஆள்தான் பாத்துக்கணும்.

யாரு ஆன் பண்றதுன்னு இப்பவே எழுதி வைங்க. நியூயார்க் வேர்ல்ட் டிரேட் சென்டர்ல 1993 குண்டுவெடிப்புக்கு அப்புறம் தீயணைப்புக்காரங்களுக்குன்னே ரிப்பீட்டர் போட்டிருந்தாங்க. 2001 செப்டம்பர் 11 அன்னிக்கு வடக்கு கோபுரத்து லாபியில அத ரெண்டு பட்டன் அமுக்கி இயக்கணும், ஒண்ணுதான் அமுங்கியிருந்துச்சு. சோதிச்சுப் பாத்த அதிகாரிங்க ரிப்பீட்டரே வேலை செய்யலன்னு நெனச்சு வேற சேனலுக்கு போயிட்டாங்க, தெற்கு கோபுரத்துல அந்த ரிப்பீட்டர் சேனல்லயே சிலர் பேசிக்கிட்டுதான் இருந்தாங்க. எனக்கு இத நெனச்சா இன்னிக்கும் மனசு கனக்குது. உங்க டேஷ்போர்டுல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்க, இறங்கறதுக்கு முன்னாடி டிரைவர் வாய்விட்டு "ரிப்பீட்டர் ஆன்"னு சொல்லணும், கைசெட்டுல ஒரு தடவ பேசிப் பாத்துட்டுதான் நடக்கணும்.

இன்னொண்ணு, உள்ள போற ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் நேரா பேசிக்க ஒரு டைரக்ட் சேனல் தனியா வைங்க. வேன் பேட்டரி போனாலும் பக்கத்துல இருக்கறவன் குரல் கேக்கணும்.

கேஎல்_கண்ட்ரோல்:

கோலாலம்பூர்ல எங்களுக்கு மலை இல்ல, பேஸ்மெண்ட் கார்பார்க்தான் எமன். ஒரு கொண்டோவுல மயங்கி விழுந்தவர தேடி போனோம், கீழ இருந்த தம்பி "ரெண்டாவது பேஸ்மெண்ட்"னு சொன்னாப்ல, மேல வந்தது "பேஸ்மெண்ட்" மட்டும். அடுத்த குழு மொதல் பேஸ்மெண்ட்ல போயி தேடிக்கிட்டு நின்னுச்சு. கைசெட் வேன எழுப்பணும், வேன் ரிப்பீட்டர எழுப்பணும், அதுக்குள்ள மொத வார்த்த போயிடுது. பட்டன அமுக்கி மனசுல "ஒண்ணு"ன்னு எண்ணிட்டு பேசுங்க, இத பயிற்சியில அடிச்சி அடிச்சி பழக்குங்க, என்ன செட்டு வாங்குனாலும் இந்தப் பழக்கம் இல்லன்னா ஆபத்துதான்.

வேன கார்பார்க் உள்ள கொண்டு போகாதீங்க, ரேம்ப் வாசல்ல நிறுத்துங்க, அங்கதான் கீழயும் எட்டும் வெளியயும் எட்டும். கேக்கலன்னா அர மீட்டர் முன்ன பின்ன நகத்திப் பாருங்க, யுஎச்எஃப்ல அவ்ளோ நகந்தாலே மாறும். இஞ்சின ஓட விட்டாதான் பேட்டரி தாங்கும், ஆனா புகை ரேம்ப் வழியா கீழ இறங்காத மாதிரி வண்டி பின்பக்கத்த வெளியப் பக்கம் திருப்பி வைங்க, கீழ நோயாளி இருக்காரு.

வேன்_தம்பி_பினாங்கு:

ரொம்ப நன்றி அண்ணே, ஐயா. ஹேம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் வெச்சிருக்கற நண்பர் ஒருத்தர் அவரோட கிராஸ்பேண்ட் செட்ட இரவலா தர்றேன்னாரு, ஹேம் அலைவரிசையிலயே ஓட்டிக்கலாம்ங்கறாரு, செய்யலாமா?

ரேடியோ_பட்டறை_பட்டர்வொர்த்:

வேண்டாம் தம்பி. ஹேம் அலைவரிசை ஹேம் லைசென்ஸ் உள்ளவங்களுக்கு மட்டும்தான், உங்க குழு வேலைக்கு அது ஆகாது. யுஎச்எஃப் அலைவரிசைக்கு குழு பேர்ல எம்சிஎம்சிகிட்ட (மலேசிய தொடர்பு, பல்லூடக ஆணையம்) விண்ணப்பம் போடுங்க, செட்டுல அங்கீகாரத்துக்கான சிரிம் ஸ்டிக்கர் இருக்கான்னு பாத்து வாங்குங்க. அது கைக்கு வர்ற வரைக்கும் வேன்ல ஒரு ஆள நிறுத்தி, கைசெட்ட டைரக்ட் சேனல்ல வெச்சி அவர்கிட்ட பேசுங்க, அவரு கேட்டத 45 வாட் செட்ல அப்படியே கண்ட்ரோலுக்கு சொல்லட்டும். தைப்பூசத்துக்கு மலையடிவாரத்துலயும் இதே மாதிரி ஒருத்தர போடுங்க. அந்த டுரியான் தோட்டத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம போயி, எந்த வளைவுல வேன நிறுத்துனா கீழ எட்டுதுன்னு நடந்து பாத்து குறிச்சி வைங்க, நான் வேணா மீட்டரோட வர்றேன்.

வேன்_தம்பி_பினாங்கு:

வர்ற ஞாயிறு காலைல 8 மணிக்கு சரியா அண்ணே? ஃபெர்ரி எறங்குற எடத்துலயே வந்து ஏத்திக்கிறேன். அந்த பாக்சிக்கிட்டயும் கேட்டுட்டேன், தோட்டத்துக்குள்ள தாராளமா வாங்கன்னுட்டாரு.