'ஐ வில் டேக் தி செஷன்' என்றால் நான் நடத்துகிறேன் என்று அர்த்தம் இல்லையா?

மசால்வடை_கோவை எழுதியது:

ஒரு சந்தேகம், கொஞ்சம் மானக்கேடும் கலந்தது. கோவையில் ஒரு ஐடி கம்பெனியில் ஆறு வருஷமாக இருக்கிறேன். எங்கள் பக்கம் செய்த மாற்றங்களை அமெரிக்க கிளையன்ட் டீமுக்கு விளக்க ஒரு கூட்டம் வைக்க வேண்டியிருந்தது. யார் நடத்துவது என்று மெயிலில் பேச்சு வந்தபோது, 'ஐ வில் டேக் தி செஷன் ஆன் தர்ஸ்டே' என்று நான் பெருமையாகப் பதில் போட்டேன். ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து இருபத்திரண்டு ஸ்லைடு தயார் பண்ணினேன். வியாழக்கிழமை சாயங்காலம் கால் ஆரம்பித்தது, அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர், ஐந்து நிமிஷம் வானிலை பேசினார்கள், அப்புறம் நான் ஸ்கிரீன் ஷேர் பண்ணப் போனால் அங்கே ஒரு பெண் ஏற்கெனவே ஷேர் பண்ணிக்கொண்டிருக்கிறார். நாங்கள் அனுப்பிய ரிலீஸ் குறிப்பை வைத்தே அவர்கள் பக்கம் ஸ்லைடு தயார். அவர்கள் மேனேஜர் கேட்டார், நீங்கள் செஷனில் கலந்துகொள்வதாகத்தானே எழுதியிருந்தீர்கள் என்று.

காலேஜில் நாங்கள் எல்லோரும் 'செமினார் எடுத்தவர்கள்'. வாத்தியார் கிளாஸ் எடுத்தார், ஹெச்ஆர் டிரெயினிங் எடுக்கிறார், எல்லாமே எடுப்பதுதான். அப்படியென்றால் 'டேக்' தப்பா? சரி, வேறு என்ன சொல்ல வேண்டும் என்று ஆபீசில் கேட்டால் ஒருவர் 'கிவ் எ பிரசென்டேஷன்' என்கிறார், எங்கள் லீட் 'மேக்' என்கிறார், புதிதாகச் சேர்ந்த பையன் எல்லாவற்றுக்கும் 'டூ' போட்டால் போதும் என்கிறான். போதாக்குறைக்கு 'இன் ஃப்ரன்ட் ஆஃப் தி கிளையன்ட்'டா 'டு தி கிளையன்ட்'டா என்று இன்னொரு சண்டை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ்_தூள் எழுதியது:

தம்பி, நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்து நாலு வருஷம் இங்கிலீஷ் 'எடுத்தவன்', அதனால் இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

நீங்கள் எழுதியது இலக்கணப்படி தப்பே இல்லை, அதுதான் சிக்கல். தப்பாக இருந்தால் அவர்கள் திருப்பிக் கேட்டிருப்பார்கள். தமிழில் 'எடு' என்பது பொறுப்பைக் கையில் எடுப்பது, பாடம் எடுத்தார் என்றால் சொல்லிக்கொடுத்தவர் அவர். அமெரிக்காவில் 'டேக் எ கிளாஸ்' என்றால் பணம் கட்டிச் சேர்ந்து பெஞ்சில் உட்காருவது, அதாவது வாங்கிக்கொள்கிறவன் பக்கம். நீங்கள் அவர்களுக்குச் சொன்னது 'நான் மாணவனாக வருகிறேன்' என்பது.

ஆனால் இதை வெறும் தமிழ்நாட்டுத் தப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரிட்டனில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் 'ஹூ டேக்ஸ் யூ ஃபார் மேத்ஸ்?' என்று கேட்டால் யார் உனக்குக் கணக்கு நடத்துகிறார் என்றுதான் அர்த்தம். அங்கே ஆசிரியர் அசெம்பிளி 'டேக்' பண்ணுவார், தேவாலயத்தில் பாதிரியார் சர்வீஸ் 'டேக்' பண்ணுவார், ரெண்டும் முன்னால் நின்று நடத்துவதுதான். நம் ஊர்ப் பள்ளிகளில் இந்த வழக்கம் அவர்கள் காலத்தில் இறங்கி, நம் 'எடு'வோடு கைகோத்துக்கொண்டது என்பது என் ஊகம். பக்கத்து வீட்டு மலையாளியும் 'கிளாஸ் எடுக்குக' என்றுதான் சொல்கிறார், அவரையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆக உங்கள் 'டேக்' லண்டன் பள்ளிக்கூடத்தில் பிழைத்திருக்கும், அட்லாண்டிக்கைத் தாண்டும்போதுதான் கவிழ்ந்தது.

இப்போது கிவ், மேக், டூ. மூன்றும் புழக்கத்தில் உள்ளவை. 'கிவ் எ பிரசென்டேஷன்' எங்கேயும் எப்போதும் செல்லும், சந்தேகம் வந்தால் அதைப் போட்டுவிடுங்கள். கிவ் எ டாக், கிவ் எ லெக்சர், கிவ் எ ஸ்பீச் எல்லாம் அதே குடும்பம். 'டூ எ பிரசென்டேஷன்' பேச்சு வழக்கு, நண்பர்களிடம் சரி, போர்டு ரூமுக்குக் கொஞ்சம் அசட்டை. 'மேக்' கொஞ்சம் சட்டை போட்டுக்கொண்டு வரும் சொல், 'வி மேட் எ பிரசென்டேஷன் டு தி போர்டு' என்று அறிக்கைகளில் எழுதுவார்கள். அதில் ரெண்டு பள்ளம் இருக்கிறது. ஒன்று, 'நேற்று ராத்திரி பிரசென்டேஷன் மேக் பண்ணினேன்' என்றால் ஸ்லைடு தயாரித்தீர்களா, மேடையில் பேசினீர்களா என்று தெரியாது. இன்னொன்று, ஓய்வு பெறுகிறவருக்குக் கடிகாரமும் சால்வையும் கொடுப்பதும் 'மேக் எ பிரசென்டேஷன்'தான். எனக்கும் 'மேட்', கடிகாரம் இன்னும் ஓடுகிறது.

'டு'வா 'இன் ஃப்ரன்ட் ஆஃப்'பா என்பதற்கு: 'பிரசென்ட் டு தி கிளையன்ட்' என்றால் அவருக்காகப் பேசுகிறீர்கள். 'இன் ஃப்ரன்ட் ஆஃப் தி கிளையன்ட்' என்றால் பேச்சு வேறு யாருக்கோ இருக்கலாம், அவர் எதிரே இருக்கும்போது நடந்தது என்றுதான் ஆகிறது. 'எங்கள் லீட் கிளையன்ட் முன்னாலேயே என்னைத் திட்டினார்' என்பதில் வருகிற முன்னால் அது. 'டு'வை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். 'ஐ வில் பிரசென்ட் தி கிளையன்ட்' என்றால் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சபைக்கு அறிமுகம் செய்யப் போகிறீர்கள் என்று ஆகிவிடும்.

இன்னொன்று, 'பிரசென்ட்' என்று சொல்லும்போது அழுத்தம். பெயர்ச்சொல்லாக, பரிசு என்ற பொருளில் வந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக வந்தால் ரெண்டாவது அசையில். நம்மவர்கள் முக்கால்வாசிப் பேர் ரெண்டையும் ஒரே மாதிரி சொல்கிறோம். இதற்காக யாரும் உங்களைத் தப்பாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை, வாத்தியார் புத்தி, சொல்லி வைத்தேன்.

ரசமும்_ரொட்டியும் எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் இலக்கணம் பேச எனக்குத் தகுதி இல்லை. நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன், மசால்வடை அண்ணனுக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம் என்று வந்தேன்.

இங்கே ஜெர்மன்காரர்கள் பிரசென்டேஷனை 'ஹோல்டு' பண்ணுவார்கள். அவர்கள் பாஷையில் பிரசென்டேஷனோ சொற்பொழிவோ 'ஹால்டன்' என்ற வினையோடு வரும், அதாவது பிடிப்பது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து 'டுமாரோ ஐ வில் ஹோல்டு எ பிரசென்டேஷன்' என்று எழுதுவார்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள்கூட. முதல் தடவை படித்தபோது எனக்கு ஒருவர் புரொஜெக்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரிதான் தோன்றியது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் டீமில் இருக்கிறார், அவர்கள் பாஷையில் அது 'செய்வது', அதனால் அவர் 'டூ'வோ 'மேக்'கோ போட்டுத் தப்பித்துவிடுகிறார். நாம் எடுக்கிறோம், இவர்கள் பிடிக்கிறார்கள், இங்கிலீஷ்காரன் கொடுக்கிறான். வினையை அவரவர் வீட்டிலிருந்துதான் எல்லோரும் கொண்டுவருகிறார்கள், ஸ்லைடு மட்டும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி மோசமாக இருக்கிறது.

உங்களுக்கு 'டேக்'கை விட மனசில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. 'ஐ வில் டேக் யூ த்ரூ தி சேஞ்சஸ்' என்று எழுதுங்கள். அதே டேக்தான், ஆனால் நடுவில் 'யூ' வந்துவிட்டதால் நீங்கள் முன்னால் நடக்க அவர்கள் பின்னால் வருகிறார்கள், யார் பேசுவது என்று குழப்பமே இல்லை. 'வாக் யூ த்ரூ' என்றும் சொல்வார்கள். பொறுப்பு உங்களுடையது என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் 'ஐ வில் ரன் தி செஷன்' போதும்.

நொய்டா_ரிட்டர்ன் எழுதியது:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. ஏன் எப்போதும் நாமே திருத்திக்கொள்ள வேண்டும்?

நொய்டாவில் நாலு வருஷம் இருந்தேன். அங்கே நண்பர்கள் எக்ஸாம் 'கிவ்' பண்ணுவார்கள், இந்தியில் பரீட்சையைக் கொடுப்பது என்றுதான் சொல்வது. நான் எக்ஸாம் 'ரைட்' பண்ணுகிறவன், நமக்குப் பரீட்சை எழுதுவதுதானே. முதல் மாசம் ஒருத்தன் 'ஐ கேவ் தி கேட் எக்ஸாம்' என்றபோது, இவ்வளவு சின்ன வயசில் கேள்வித்தாள் தயாரிக்கிற ஆளா என்று மரியாதையாகப் பார்த்தேன். அமெரிக்கன் எக்ஸாமை 'டேக்' பண்ணுகிறான், பிரிட்டிஷ்காரன் 'சிட்' பண்ணுகிறான், அதாவது உட்காருகிறான். ஒரே பரீட்சை. இதில் உட்காருவது மட்டும் எப்படி ரொம்ப அறிவார்ந்த சொல் ஆயிற்று? இத்தனை கோடிப் பேர் பேசுகிற இங்கிலீஷில் செஷன் எடுப்பது ஒரு வழக்கு, அவ்வளவுதான். நம் ஆபீசுக்குள் 'யார் நாளைக்கு செஷன் டேக் பண்றது?' என்று கேட்டால் ஒருத்தருக்கும் குழப்பம் வராது, அங்கே போய் நான் 'கிவ்' என்று திருத்திக்கொண்டு நிற்க மாட்டேன்.

கிளையன்ட் மெயிலில் மாற்றிக்கொள்ளுங்கள், அது தொழில். மானக்கேடு என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வார்த்தையைத்தான் எடுத்துவிட வேண்டும்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோரும் இங்கிலீஷையே பிடித்துத் தொங்குகிறீர்கள், நான் கொஞ்சம் வழி மாறிப் போகிறேன், மாடரேட்டர் மன்னிக்கவும்.

திருக்குறளில் சபையில் பேசுவதற்கு ஒரு தொடர் வருகிறது: 'கோட்டி கொளல்'. 401ஆம் குறளிலும் இருக்கிறது, 720ஆம் குறளிலும் இருக்கிறது. கோட்டி என்றால் கூட்டம், அவை. கட்சிகளில் கோஷ்டிப் பூசல் என்கிறோமே, அந்தக் கோஷ்டியின் பழைய தமிழ் உருவம். கொளல் என்றால் கொள்ளுதல், அதாவது டேக்! வள்ளுவரே செஷன் 'எடுத்திருக்கிறார்' ஐயா, நீங்கள் எதற்குத் தலை குனிகிறீர்கள்? 401 சொல்வது, நிறையப் படிக்காமல் சபையில் பேசப் போவது கட்டம் கிழிக்காமல் காய் உருட்டி விளையாடுகிற மாதிரி என்று. 720 இன்னும் காரம், நமக்கு ஒத்துவராத கூட்டத்தில் பேசுவது சாக்கடை முற்றத்தில் அமிர்தத்தைக் கொட்டுகிற மாதிரியாம். எங்கள் மாதாந்தர ரிவ்யூ மீட்டிங்கைப் பார்த்துவிட்டு எழுதியதோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு எச்சரிக்கை. திருநெல்வேலிப் பக்கம் வந்து 'நாளைக்கு நான் கோட்டி கொள்ளப் போறேன்' என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஊரில் கோட்டி என்றால் பைத்தியம். கூட்டி உட்காரவைத்து வேப்பிலை அடிப்பார்கள்.

சும்மா இல்லை, இதில் ஒன்றைக் கவனித்தேன். தமிழிலும் எதற்கு எந்த வினை என்று ஒரு கணக்கு இருக்கிறது, நாம் யோசிப்பதே இல்லை. உரை நிகழ்த்துவோம், சொற்பொழிவு ஆற்றுவோம், கவியரங்கில் கவிதை வாசிப்போம், கருத்தரங்கில் கட்டுரை வழங்குவோம், பட்டிமன்றத்தில் சும்மா பேசுவோம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தமிழ் கற்றுக்கொண்டு வந்து 'நான் நாளை கவிதை ஆற்றுகிறேன்' என்றால் நமக்குச் சிரிப்பு வருமா வராதா? கஞ்சியை ஆற்றுகிற மாதிரி இருக்கும். அவரிடம் ஏன் தப்பு என்று காரணம் சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேரால் முடியும்?

மசால்வடை_கோவை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாக்பீஸ் ஐயா, உங்கள் பதிலைப் பிரிண்ட் எடுத்து லீட் மேஜையில் வைத்துவிட்டேன், கடிகார வரியை மட்டும் மார்க்கரால் அடிக்கோடிட்டு. அவர் இன்னும் 'மேக்'தான் என்கிறார், ஆனால் குரல் இறங்கியிருக்கிறது. நொய்டா அண்ணா, மானக்கேட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ரெண்டு வாரம் கழித்து அடுத்த கூட்டம், 'ஐ வில் டேக் யூ த்ரூ தி நெக்ஸ்ட் ரிலீஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். கீழே பாதுகாப்புக்கு 'ஐ வில் பி தி ஒன் பிரசென்டிங்' என்றும் ஒரு வரி போட்டேன், கொஞ்சம் ஓவர்தான், சூடு கண்ட பூனை.

நொய்டா_ரிட்டர்ன் எழுதியது:

அதெல்லாம் சரி, அன்றைக்கு ரெண்டு செட் ஸ்லைடு இருந்ததே, கடைசியில் யாருடையது ஓடியது?

மசால்வடை_கோவை எழுதியது:

அந்தப் பெண்ணுடையதுதான். ஒன்பதே ஸ்லைடு, என்னுடையதைவிடத் தெளிவாக இருந்தது. நான் உட்கார்ந்து கேட்டேன்.