ஈஎஸ்பி32-கேம் போர்டுக்கு எந்த ப்ரோக்ராமிங் கேபிள் வாங்கலாம்?

புதுபோர்டு: வணக்கம். ஈஎஸ்பி32-கேம்னு கேமராவும் வைஃபையும் இருக்கற சின்ன போர்டு ஒண்ணு வாங்கினேன், கைக்கு வந்தப்புறம்தான் பாக்குறேன் அதுல யுஎஸ்பி போர்ட்டே இல்ல. என்கிட்ட கம்ப்யூட்டர் யுஎஸ்பியை போர்டோட சீரியல் பின்னுக்கு இணைக்கற சிவப்பு கலர் எஃப்டி232 மாட்யூல் இருக்கு, 3.3 / 5 வோல்ட் ஜம்பர் வச்சது. ஜம்பரை 3.3ல போட்டு அதுலேயே பவரும் எடுத்தேன், ப்ரவுன்அவுட்னு (வோல்டேஜ் பத்தலன்னு) எர்ரர் அடிச்சு போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகுது. 5க்கு மாத்தலாமா, இல்ல வேற கேபிள் வாங்கணுமா?

ஈயக்கம்பி: 5க்கு மாத்தாதீங்க தம்பி, சிக்னலும் சேந்து 5 ஆயிடும், ஈஎஸ்பி32 பின்னுக்கு 3.3தான் கணக்கு. எஃப்டி232 சிப் பண்ற எஃப்டிடிஐ கம்பெனியோட ஒரிஜினல் கேபிள் டிடிஎல்-232ஆர்-3வி3 வாங்கிடுங்க, ஒரு தடவ செலவு பண்ணா பல வருஷம் வரும்.

சர்க்யூட்அக்கா: இந்த ஒரு போர்டுக்கு அவ்ளோ காசு எதுக்கு? ஈஎஸ்பி32-கேம்-எம்பின்னு அடியில சொருகுற போர்டு வருது, யுஎஸ்பிக்கு சிஎச்340னு வேற கம்பெனி சிப், மைக்ரோ யுஎஸ்பில குத்துனா முடிஞ்சுது, ஒயரே வேணாம். அப்புறம் அந்த கேபிள் பேர்ல 3வி3 இருக்கேன்னு நம்பி சிவப்பு ஒயரை 3.3 பின்ல குடுத்துடாதீங்க, அந்தக் கேபிள்ல சிக்னல்தான் 3.3, சிவப்புல வர்றது முழு 5 வோல்ட். புதுசா வர்ற பசங்களுக்கு இது பெரிய ஆபத்து.

ஈயக்கம்பி: அக்கா அதனாலதான் இந்த போர்டுக்கு அதைச் சொல்றேன்! சிவப்பு 5வி பின்னுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, ஆரஞ்சு யு0ஆர்-க்கு (போர்டு டேட்டா வாங்கற பின்), மஞ்சள் யு0டி-க்கு (அனுப்பற பின்). போர்டுல இருக்கற ரெகுலேட்டர் 5ஐ 3.3 ஆக்கிக்கும். எம்பி இந்த கேம் போர்டுக்கு மட்டும்தான், நாளைக்கு யுஎஸ்பி இல்லாத ஆர்டுயினோ ப்ரோ மினி போர்டு வாங்கினா இன்னொண்ணு வாங்கணும். 2014 அக்டோபர்ல போலி எஃப்டி232 சிப்போட யுஎஸ்பி ஐடியை எஃப்டிடிஐயோட விண்டோஸ் டிரைவரே பூஜ்யமாக்கி நிறைய பேரோட மாட்யூல் வேலை செய்யாம போச்சு, அதான் ஒரிஜினல்னு அடிச்சு சொல்றேன்.

சர்க்யூட்அக்கா: சிஎச்340ல அந்தப் பிரச்சனையே கிடையாதே.

மல்டிமீட்டர்: ரெண்டு பேரும் வாங்கச் சொல்றீங்க, கையில இருக்கறதே போதும்ங்க. எஃப்டி232 சிப்புக்குள்ள இருக்கற 3.3 சப்ளை 50 மில்லிஆம்ப்தான் தாங்கும், வைஃபை ஆன் ஆனா அதுக்கு மேல பல மடங்கு இழுக்கும், அங்கதான் வோல்டேஜ் விழுது. ஜம்பர் 3.3லயே இருக்கட்டும், மாட்யூலோட விசிசி (பவர்) ஒயரை மட்டும் எடுத்துடுங்க, நல்ல 5 வோல்ட் அடாப்டர்ல இருந்து 5வி பின்னுக்கு குடுங்க, ரெண்டு கிரவுண்டையும் கட்டாயம் சேருங்க. அப்லோடு மோடுக்குப் போக ஐஓ0 பின்னை கிரவுண்டுல போட்டு ரீசெட் அழுத்தி அப்லோடு, முடிஞ்சதும் அந்த ஒயரை எடுத்துட்டு மறுபடி ரீசெட்.

புதுபோர்டு: மல்டிமீட்டர் அண்ணா, ப்ரோக்ராம் ஏறிடுச்சு!! கிரவுண்டு சேக்காம அரை மணி நேரம் போச்சு, சேத்ததும் ஒரே தடவைல ஏறி கேமரா படம் வந்துச்சு. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒயர் கழட்டி மாட்டறது கஷ்டமா இருக்கு, இதுக்கு எம்பி போர்டே வாங்கிக்கறேன்.

ஈயக்கம்பி: சரி தம்பி, ப்ரோ மினி வாங்கறப்ப கேபிளை யோசிங்க.

சர்க்யூட்அக்கா: எம்பிக்கு மைக்ரோ யுஎஸ்பி ஒயர் எடுக்கறப்ப டேட்டா போறதான்னு போன்ல போட்டுப் பாத்துக்கோங்க, சார்ஜ் மட்டும் ஏத்துற ஒயர்னா கம்ப்யூட்டர்ல போர்ட்டே காட்டாது.