அப்பாவுக்கு நிலத்துக்குக் கீழ ஓர் அறை: கிடங்குக்குள்ள தண்ணி நிக்குது, என்ன செய்யலாம்?

முள்ளியவளை மகள் | நவம்பர் 9

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் முல்லைத்தீவில முள்ளியவளை. கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசிச்சு ஒரு வழி சொல்லுங்கோ.

அப்பாவுக்கு இப்ப 71 வயது. நந்திக்கடல் களப்பில வீச்சுவலை, நாயாத்துக் களப்பில இறால், இடையில பெரியப்பாவோட காடு எண்டு வாழ்ந்த மனுசன். முழங்கால் ஏலாமப் போய் மூண்டு வருசமா வீட்டோட. கனடாவில இருக்கிற அண்ணா தன்ர வீட்டு நிலக்கீழ் அறையைப் படம் எடுத்து அனுப்பினவர். பலகை அடிச்ச சுவர், அதில தூண்டில் தடிகள், மீன் உருவங்கள், ஒரு மான் தலை, மூலையில சாய்மனைக் கதிரை. "அப்பாவுக்கும் இப்பிடி ஒண்டு கட்டுவம், வெயிலுக்குக் குளிரா இருக்கும், காசு நான் தாறன்" எண்டார். எனக்கும் ஆசை வந்திட்டுது.

ஆவணியில வேலை துவங்கினது. வீட்டுச் சுவரில இருந்து 8 அடி தள்ளி, 14 அடிக்கு 12 அடி, ஆழம் 7 அடி. அடியில 6 அங்குலக் கொங்கிறீட் போட்டு, ஓட்டைச் சீமெந்துக் கல்லில நாலடி எழுப்பியாச்சு. ஐப்பசி மழை துவங்கினதோட உள்ளுக்க முழங்கால் அளவு தண்ணி. பம் போட்டு இறைச்சா விடிய அதே அளவு நிக்குது. மேசன், உள்பக்கம் தண்ணி ஊறாத சீமெந்து பூசினாச் சரி எண்டு சொல்லுறார். பூசலாமோ?

அடுத்தது, சுவரில மாட்ட எங்களிட்ட இருக்கிறது: பெரியப்பா வீட்டில இருந்து வந்த ஒரு சோடி மரை (பெரிய காட்டு மான்) கொம்பு, ஒரு கடலாமை ஓடு, அப்பாவின்ர பழைய வலைகள், ஒரு நங்கூரம். சண்டை முடிஞ்சு 2011 இல திரும்பி வந்தபோது எங்கட வளவில மிச்சமாக் கிடந்தது அந்த நங்கூரமும் கொஞ்ச ஈயக் குண்டும்தான். இதுகளைப் பழுதாகாமல் எப்பிடி வைக்கிறது?

கட்டடக்காரன் கிளி | நவம்பர் 9

தங்கச்சி, முதல் வேலையா பம்மை நிப்பாட்டுங்கோ. வெளியில மண் ஊறி நிக்கேக்க உள்ளுக்க வெறுமையாக்கினா, முழு அமுக்கமும் அந்த ஓட்டைக் கல்லுச் சுவரில வரும். நாலடிச் சுவர் ஒரு இரவில உள்ளுக்க சாயும். தண்ணி நிக்கட்டும், அது இப்ப சுவரைத் தாங்குது. கிடங்கைச் சுத்தித் தகரம் அடிச்சு மறையுங்கோ. சின்னப்பிள்ளையள் போய்வாற வளவெண்டா இண்டைக்கே செய்யுங்கோ.

ஒரு கேள்வி. உங்கட கிணத்தில மார்கழியில தண்ணி எத்தனை அடியில நிக்கும்?

முள்ளியவளை மகள் | நவம்பர் 9

மழை காலத்தில கையால மொள்ளலாம் அண்ணை. ஒரு அடி, ஒண்டரை அடி இருக்கும். ஆவணியில வாளி நல்லாக் கீழ போகும்.

கட்டடக்காரன் கிளி | நவம்பர் 10

அப்ப விடை கிணத்துக்குள்ளயே இருக்கு. ஆவணியில வெட்டேக்க காய்ஞ்சு கிடந்த மண்ணை நம்பி அளவு போட்டிருக்கினம்.

கணக்கைச் சொல்லுறன். தண்ணி ஒரு மீற்றர் உயர்ந்தா, ஒவ்வொரு சதுர மீற்றரிலயும் ஒரு தொன் மேல தள்ளும். உங்கட கிடங்கு கிட்டத்தட்ட 15.6 சதுர மீற்றர். நிலமட்டத்துக்கு ஒரு அடி கீழ தண்ணி நிண்டா, அடித்தளத்தில இருந்து 6 அடி, அதாவது 1.83 மீற்றர். பெருக்கிப் பாருங்கோ, 28 தொன்னுக்கு மேல வரும். நீங்கள் போட்ட அடிக் கொங்கிறீட் ஆறு தொன்னும் வராது. வெறும் அறை தண்ணிக்கு ஒரு வள்ளம் மாதிரி. கிளம்பப் பார்க்கும், கிளம்ப ஏலாட்டி அடி வெடிக்கும்.

உள்பக்கம் பூசுற பூச்சு நிக்காது. தண்ணி வெளியில இருந்து வருது, பூச்சைப் பின்னால இருந்து தள்ளி உரிக்கும். ஊறாமத் தடுக்கிறதெண்டா வெளிச்சுவரில செய்யவேணும், அதுவும் கம்பி கட்டின கொங்கிறீட் சுவரில. மேசன் கெட்ட மனுசனா இருக்கமாட்டார், எங்கட பக்கத்தில இந்த வேலை செய்து பழகின ஆக்கள் குறைவு.

மல்லாவி இளையவன் | நவம்பர் 10

எல்லா இடத்திலயும் ஏலாது எண்டு சொல்லவேண்டாம் அண்ணை. மாங்குளம் பக்கம் மேட்டுக்காணியில சாமான் வைக்க நிலத்துக்குக் கீழ அறை கட்டி ரெண்டு மாரி பாத்தாச்சு, ஒரு சொட்டு இல்லை. கிறவல் மண், கிணத்தில தண்ணி ஆழத்தில. முழுக்கக் கம்பிக் கொங்கிறீட், சுத்திவர சல்லி போட்டு வடிகான். ஆனா செலவு மேல ஒரு வீடு கட்டுற அளவுக்கு வந்தது, அதையும் சொல்லவேணும்.

கட்டடக்காரன் கிளி | நவம்பர் 10

சரி தம்பி, மேட்டுக்காணிக்கு ஒத்துக்கொள்ளுறன். இவையின்ர காணிக்கு இல்லை. 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையில இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில நிண்டதை நாங்கள் ஒருத்தரும் மறக்கேல்லை. அப்பிடி ஒரு இரவில முழங்கால் ஏலாத மனுசன் ஏழடி கீழ இருக்கிறதை யோசிச்சுப் பாருங்கோ.

ஸ்காபரோவில் இருந்து | நவம்பர் 11

நான் புதுக்குடியிருப்பு, இப்ப ஸ்காபரோ. இங்க ஏன் எல்லா வீட்டிலயும் நிலக்கீழ் அறை இருக்கெண்டு உங்கட அண்ணாவுக்குச் சொல்லுங்கோ. குளிருக்கு நிலம் உறையும், உறைஞ்ச ஈரமண் பொங்கி அத்திவாரத்தைத் தூக்கும். அதால அத்திவாரத்தை உறைபனிக்குக் கீழ, இந்தப் பக்கம் கிட்டத்தட்ட நாலடி ஆழத்துக்கு, கொண்டுபோகவேணும். அவ்வளவு வெட்டினாப் பிறகு இன்னும் கொஞ்சம் வெட்டி ஒரு அறையாக்கினா லாபம். பனி தந்த அறை அது. சுத்தி வடிகால் குழாய், உள்ளுக்க தானா ஓடுற பம், ஈரத்தை இழுக்கிற மெசின் எல்லாம் வைச்சும் இங்கயே தண்ணி வந்து கம்பளம் எல்லாம் தூக்கி எறிஞ்ச வீடுகள் எனக்குத் தெரியும். ஆறு மாதம் வெளியில இருக்க ஏலாத ஊரில மீன்பிடிக்கிறவன் தன்ர தூண்டிலைப் பாத்துக்கொண்டு இருக்க அது நல்ல இடம். முள்ளியவளையில அந்த ஆறு மாதம் இல்லையே.

வட்டுவாகல் காத்து | நவம்பர் 11

மாட்டுற சாமான் பற்றி நான் சொல்லுறன்.

மரைக் கொம்பும் ஆமை ஓடும் சுவருக்கு வேண்டாம் அக்கா. 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கு, மானும் மரையும் அதுக்குள்ள வரும். கடலாமை 1972 இல முழுப் பாதுகாப்புக்குள்ள வந்தது. எப்ப கிடைச்சது, ஆர் தந்தது எண்ட கதை வீட்டாருக்கு விளங்கும், அதிகாரிக்கு விளங்கவைக்கிறது கஷ்டம். வனஜீவராசிகள் அலுவலகத்தில நீங்களே போய் விசயத்தைச் சொல்லிக் கேளுங்கோ. அதுவரைக்கும் படம் எடுத்து ஒருத்தருக்கும் அனுப்பவேண்டாம். வலைகளுக்குள்ள தங்கூசி வலை (ஒற்றை இழை நைலோன் வலை) கிடந்தா அதையும் விலக்குங்கோ, அது தடை.

மற்ற வலைகள் அருமையான சாமான். ஆனா உப்பு போகாமல் மாட்டினா, மழை காலத்தில ஈரத்தை இழுத்து நாறும், ஆணியும் துருப்பிடிக்கும். நல்ல தண்ணியில மூண்டு நாள், தண்ணியை மாத்தி மாத்தி ஊறப்போட்டு, நிழலில உலர்த்துங்கோ. நைலோனை நேர் வெயிலில காயவிட்டா நூல் இத்துப்போகும். பருத்தி வலை ஏதும் இருந்தா பொக்கிசம். எங்கட அப்பப்பா காலத்தில பனிச்சங்காயை (பனிச்சை மரத்துத் துவர்க்காய்) இடிச்சு ஊறவைச்சு அந்தச் சாயத்தில வலையைத் தோய்ச்செடுப்பினம், நூல் உக்காமல் இருக்க. அந்தக் கபில நிறம் இருக்கே, எந்தப் பெயின்ற் கடையிலயும் வாங்க ஏலாது. உங்கட அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும், கேட்டுப் பாருங்கோ.

நங்கூரத்தைக் கம்பிப் புறஸ் போட்டு உரசி, எண்ணெய் பூசி, நிலத்திலயே சாத்தி வையுங்கோ. சுவரில தூக்கினா ஒருநாள் ஆற்றையோ காலில விழும். தூண்டில் முள் எல்லாத்தையும் ஒரு போத்தலுக்குள்ள போட்டு மூடிவிடுங்கோ.

ஒட்டுசுட்டான் அக்கா | நவம்பர் 12

பிள்ளை, அண்ணா சொன்னதை எழுதினீங்கள், மேசன் சொன்னதை எழுதினீங்கள். அப்பா என்ன சொன்னவர்? அம்மா இருக்கிறாவோ?

கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு. எங்கட அம்மா இண்டைக்கும் கதவைச் சாத்திப் படுக்கமாட்டா. 2009 போரில, மாத்தளன் கடற்கரை மணலில நாங்கள் பங்கர் (பதுங்குகுழி) வெட்டேக்க, மண் நிக்காமல் சரியச் சரிய, தன்ர கூறைச் சேலையையும் வெட்டித் தைச்சு மண்மூட்டை கட்டினவ. நிலத்துக்குக் கீழ ஒரு அறை எண்டா எங்கட வீட்டில ஒரே ஒரு அர்த்தம்தான். உங்கட வீட்டில எப்பிடியோ தெரியாது. கேட்டுப் பாருங்கோ.

முள்ளியவளை மகள் | நவம்பர் 14

ஒட்டுசுட்டான் அக்கா, உங்கட பதிவை வாசிச்சு ரெண்டு நாளா எழுதாமல் இருந்தன்.

அம்மா இருக்கிறா. கிடங்கு வெட்டத் துவங்கின நாளில இருந்து அவ அந்தப் பக்கம் போகேல்லை. கிணத்தடிக்குப் போறதெண்டாலும் வீட்டைச் சுத்தி மற்றப் பக்கத்தால போறா. வேலைக்காரருக்குத் தேத்தண்ணி ஊத்தித் தருவா, கொண்டுபோய்க் குடுக்கிறது நான்தான். நான் அதைக் கண்டனான், ஆனா நிண்டு யோசிக்கேல்லை. நேற்றுக் கேட்டன். "கொண்ணன் ஆசையாச் செய்யிறான், நான் என்னத்தைச் சொல்ல" எண்டா. வேற ஒண்டும் சொல்லேல்லை.

அப்பாவிட்டயும் கேட்டன். "அதுக்குள்ள இருந்தா காத்து எந்தப் பக்கம் எண்டு எப்பிடித் தெரியும்?" எண்டார்.

அண்ணாவோட கதைச்சாச்சு. அறை வேண்டாம். இப்ப இந்தக் கிடங்கை என்ன செய்யிறது?

கட்டடக்காரன் கிளி | நவம்பர் 14

நல்ல முடிவு தங்கச்சி. கிடங்கு வீண்போகாது. மழைத்தண்ணித் தாங்கியாக்குங்கோ.

வடிவாப் பாத்தா அதுக்கெண்டே வெட்டின மாதிரி இருக்கு. மாரியில வெளியில தண்ணி தள்ளேக்க தாங்கியும் நிறைஞ்சிருக்கும், அதால கிளம்பாது. ஆவணியில தாங்கி வெறுமையா இருக்கேக்க நிலத்தடித் தண்ணியும் இறங்கியிருக்கும். அறைக்கு எதிரியா இருந்தது தாங்கிக்குத் துணை. 14 க்கு 12, தண்ணி 5 அடி எண்டா 23,800 லீற்றருக்குக் கிட்ட. வீட்டுக் கூரை ஆயிரம் சதுர அடி எண்டு வைப்பம், ஒரு அங்குல மழைக்கு 2,360 லீற்றர் வரும். பத்தங்குல மழையில நிறைஞ்சிடும். தோட்டத்துக்குக் கோடையில காணும்.

ஆனா ஓட்டைக் கல்லுச் சுவர் தாங்கிக்கு உதவாது. தை கழிஞ்சு தண்ணி இறங்கினபிறகு அதை எடுத்திட்டு, கம்பி கட்டிக் கொங்கிறீட் சுவர் போடவேணும். மேல மூடுற தட்டுக்கு விட்டம் வேணும், ஒரு பொறியியலாளரிட்ட வரைபடம் கீறுவியுங்கோ. நுளம்பு போகாத வலை போட்ட மூடி கட்டாயம். புதுசா எங்க குழி வெட்டினாலும் கவனம். மண்ணுக்குள்ள இரும்பு மாதிரி ஏதும் தட்டுப்பட்டா, சண்டைக்காலத்து வெடிபொருளா இருக்கலாம், தொடாமல் விட்டுக் கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கோ.

அந்தத் தட்டுக்கு மேல அப்பாவுக்கு ஒரு கொட்டில் போடலாம்.

முத்தையன்கட்டான் | நவம்பர் 15

கொட்டில் எண்டு சொல்லாதேங்கோ அண்ணை, வாடி எண்டு சொல்லுங்கோ. மீன்பிடிக்கிறவனுக்கு இருக்கிற இடம் கரையில வாடி. காட்டுக்குப் போறவனுக்கு மரத்தில பரண். ரெண்டும் காத்துக்குத் திறந்தது, ரெண்டிலயும் இருந்தா தூரம் தெரியும். எங்கட வேட்டைக்காரரும் மீன்காரரும் ஒருநாளும் சுவருக்குள்ள ஓய்வெடுத்த ஆக்கள் இல்லை.

தெற்கும் மேற்கும் திறந்துவிடுங்கோ, சோளகம் (தென்மேற்குக் காத்து) வரும். வடகிழக்குப் பக்கம் வாடைக்கும் சாரலுக்கும் அரைச்சுவர் வைச்சு, மேல சுருட்டி விடுற தட்டி. மரத்தூணை நேர மண்ணில நடாமல் கொங்கிறீட் குத்தியில ஏத்துங்கோ, கறையானுக்குத் தூரம். முதிரை, பாலை புதுசா வாங்கப் போனா அனுமதி அலைச்சல், பனை தறிக்கவும் அனுமதி வேணும். பழைய வீடு பிரிச்ச பனந்தீராந்தி (பனை விட்டம்) கிடைச்சா அதுதான் நல்லது, வைரம் ஏறின பனை.

பரணுக்கு அப்பாவை ஏத்தவேண்டாம். ஒண்டரை அடி உயரத்தில ஒரு திண்ணை மாதிரி பலகைத் தட்டுப் போட்டா முழங்கால் மடக்காமல் இருந்து எழும்பலாம். இன்னொண்டு, வேட்டை எண்டு சொல்லித் துவக்கு, பொறி மாதிரி ஒண்டையும் அங்க வைக்கவேண்டாம். கட்டுத்துவக்கில (மிருகத்துக்குப் பொறியாக் கட்டிவைக்கிற துவக்கு) கால் போன ஒரு பெடியன் எங்கட ஒழுங்கையில இருக்கிறான். காடு வேணுமெண்டா கொட்டிலுக்குப் பக்கத்தில ஒரு பாலைக் கண்டு நடுங்கோ.

முள்ளியவளை மகள் | மார்ச் 22

திரும்பி வந்து சொல்லாமல் போகக்கூடாதெண்டு எழுதுறன்.

தாங்கி முடிஞ்சுது. ஓட்டைக் கல்லு எல்லாம் எடுத்துக் கோழிக்கூட்டுக்குப் பாவிச்சாச்சு. மேல வாடிக்குத் தூண் நிக்குது. மரைக் கொம்பையும் ஆமை ஓட்டையும் அலுவலகத்தில ஒப்படைச்சிட்டம், விசாரிச்சு எழுதி எடுத்தவை, பிரச்சினை ஒண்டும் வரேல்லை. கொம்பு இருக்கவேண்டிய இடத்தில என்ன வைக்கிறதெண்டு கேட்டதுக்கு, உடைஞ்ச வள்ளத்தின்ர ஒரு பலகையை அப்பாவே தேடி எடுப்பிச்சு, அதில ஒரு மணலை மீன் செதுக்கத் துவங்கியிருக்கிறார். செதில் மட்டும் பத்து நாளா நடக்குது.

பனிச்சங்காய் பற்றி வட்டுவாகல் காத்து எழுதினதை வாசிச்சுக் காட்டினன். ஆர் அந்தப் பிள்ளை, ஆற்றை மகன் எண்டு ஒரு மணித்தியாலம் விசாரணை. தெரிஞ்சா உள்பெட்டியில எழுதுங்கோ, இல்லாட்டி என்னை நித்திரை கொள்ள விடமாட்டார்.

அம்மா இப்ப கிணத்தடிக்கு நேர் வழியால போறா. தாங்கித் தட்டில ஒடியலுக்குப் பனங்கிழங்கு காயவைக்கிறா, அப்பா கத்துறார் வாடி என்ர எண்டு.

இப்ப புதுக் கேள்வி. கூரைக்குப் பனையோலை வேயவேணும் எண்டு அப்பா நிக்கிறார், அண்ணா தகரம் போடு எண்டுறார். ஓலை வேயத் தெரிஞ்ச ஆக்கள் முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் இப்பவும் இருக்கினமோ? வைகாசிக்கு முதல் முடிக்கவேணும், சோளகம் துவங்கினா ஓலையைப் பிடிச்சுக் கட்ட ஏலாது.