பொட்டு விழுந்த ஆப்பிளை எப்படி விற்பது?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் 40 ‘அன்னா’ ஆப்பிள் மரம் வைத்திருக்கிறேன். மருந்தே அடிப்பதில்லை. பழம் எலுமிச்சையை விடக் கொஞ்சம் பெரிசு, தோலெல்லாம் கரும்பொட்டு. சந்தையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறார்கள். பூத்த அளவுக்குக் காய்ப்பும் இல்லை.

பதில்: அண்ணே, அன்னா நன்றாகக் காய்க்க, மகரந்தம் தரும் வேறு ரகத் துணை மரம் வேண்டும். இடையிடையே ‘டார்செட் கோல்டன்’ ரக ஆப்பிள் நட்டீர்களா? பொட்டுக்குப் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். மொட்டு விடும் முன் அடியுங்கள். இயற்கை விவசாயத்திலும் அளவோடு அனுமதி உண்டு.

பதில்: சந்தையில் ஒரு பழத்தை நறுக்கி, ருசி பார்க்க நீட்டுங்கள். என் பேரிக்காயை அப்படித்தான் விற்றேன். ரொம்ப மோசமானதை ஜாம் போடுபவர்களிடம் தள்ளிவிடலாம்.

கேட்டவர்: டார்செட் ஒன்றுகூட இல்லை! நாற்று தந்தவர் வாயே திறக்கவில்லை. சரி, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கத்தியோடு போகிறேன்.