இறக்கத்தில் கிழிந்த சதை: மலைத்தோட்ட வேலைக்காரர்களின் அனுபவங்கள்

கேத்தி பாலாடா (நீலகிரி), கேரட் மூட்டை தூக்குபவர்

மூட்டையோடு மேடு ஏறும்போதுதான் கால் போகும் என்று சமவெளிக்காரர்கள் நினைக்கிறார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். எங்கள் குழுவில் கால் போனவர்கள் பெரும்பாலும் இறக்கத்தில் போனவர்கள். ஏறும்போது தொடைச் சதை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே சதை நீண்டுகொண்டே முழு பாரத்தையும் பிடித்து நிறுத்த வேண்டும். அப்படி நீளும் நேரத்தில்தான் சதை நார் அதிகம் அறுகிறது. இங்கே கேரட் விளைவது மேல் அடுக்குகளில், லாரி நிற்பதும் கழுவுகிற மெஷின் இருப்பதும் கீழே. அதனால் பாரம் எப்போதும் இறக்கத்தில்தான் போகும்.

எனக்கு நடந்ததும் இறக்கத்தில்தான். விடிவதற்கு முன்னால், பனி ஈரம் காயாத வரப்பு. குதிகால் சறுக்கியது, முழங்கால் மடங்காமல் நேராக நின்றுவிட்டது. கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்த மாதிரி ஒரு அடி. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆளே இல்லை. இதே கதையை மற்ற லோடுமேன்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கெண்டைச் சதை கிழியும்போது அப்படித்தான் தெரியுமாம்.

உடனே நான்கு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் தைலப் பாட்டிலை எடுத்தார், இன்னொருவர் "நீவி விட்டா சரியாயிடும்" என்று உட்கார்ந்தார். குழுவின் மூத்த ஆள் யாரையும் தொட விடவில்லை. பிறகு டாக்டரும் அதையே சொன்னார். புதிதாகக் கிழிந்த இடத்தில் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அதை அழுத்தி உருவினால் கசிவு கூடும். தொடையில் பலமாக அடிபட்டுக் கட்டிய ரத்தத்தைப் பிசைந்தால், அந்தச் சதைக்குள்ளேயே எலும்பு மாதிரிக் கெட்டியாக வளர்வதும் உண்டாம். அதனால் முதல் 2, 3 நாள் உருவக் கூடாது, சூடு வைக்கக் கூடாது, சாராயமும் கூடாது. கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, 15 அல்லது 20 நிமிடம் குளிர்ந்த ஒத்தடம். ஐஸ் என்றால் நடுவில் துணி இருக்க வேண்டும்.

தைலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இல்லாத வீடு இந்த மலையில் கிடையாது. ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலத்தின் பக்கத்திலேயே விண்டர்கிரீன் ஆயிலும் இருக்கும். அதில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் தோலைச் சூடாக்கி வலியை அமுக்கும். கிழிந்த நாரை அது ஒட்ட வைக்காது. வலி அமுங்கிய தைரியத்தில் மறுநாளே மூட்டைக்குக் கழுத்தைக் கொடுத்து, இன்னும் மோசமானவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்த எண்ணெயைத் தடவவே வேண்டாம்.

டாக்டர் என்னைக் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை லேசாகப் பிழிந்து பார்த்தார். பாதம் அசைந்தது. அசையாவிட்டால் கெண்டைச் சதையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணே அறுந்திருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. அடுத்தடுத்த நாட்களில் நீலம் கணுக்கால் வரை இறங்கியதும் வீட்டில் பயந்துபோனார்கள். கசிந்த ரத்தம் கீழே இறங்குவது வழக்கம்தான். ஆனால் ஒரு கால் மட்டும் நாளுக்கு நாள் வீங்கிச் சூடாக இருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அது ரத்தக்கட்டி அடைப்பாக இருக்கலாம்.

அப்புறம், படுத்தே கிடப்பதும் தப்பு. லேசான கிழிவு 2, 3 வாரத்தில் கூடிவிடும், பாதி கிழிந்தால் 6 முதல் 8 வாரம் கூட ஆகும். என்னை முதலில் சமதளத்தில் நடக்கச் சொன்னார்கள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்குவது, அப்புறம் ஒற்றைக் காலில். அதன்பின் வெறுங்கையோடு ஏற்றம், அதுவும் சரியான பிறகு வெறுங்கையோடு இறக்கம். பாரத்தோடு இறங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

கூலி போகிறதே என்றுதான் எல்லோரும் சீக்கிரம் திரும்புகிறார்கள். எங்கள் குழுவில் அடிபட்டவருக்குக் கேரட் தரம் பிரிக்கிற வேலையையும் சாக்கு தைக்கிற வேலையையும் ஒதுக்கி வைக்கிறோம்.

கோத்தகிரி பக்கம், தேயிலை பறிப்பவர்

அண்ணா, உங்களுக்குக் கால், எனக்கு வலது தோள். ஒரே நாளில் போகவில்லை. கையால் கிள்ளிக்கொண்டிருந்த வரைக்கும் முதுகுதான் வலிக்கும். இலை வெட்டுகிற கத்தரி வந்ததிலிருந்து தோளும் முன்கையும். டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் முதல் ஒரு மணி நேரம் கை மரத்துப்போய், தலை பின்னக்கூட முடியாமல் ஆனது.

நீங்கள் சொன்ன சூடு வேண்டாம் என்பது புதுக் காயத்துக்கு. என்னுடையது மாதிரி வேலை செய்து செய்து இறுகிப்போன சதைக்கு வெந்நீர்ப் பை நன்றாகக் கேட்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது வலி மாத்திரை விஷயத்தில். காலையில் வெறும் வயிற்றில் டைக்ளோபினாக் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறோம். தோட்டத்தில் கழிப்பறை இல்லை என்று பெண்கள் தண்ணீரும் குடிப்பதில்லை. அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதை எங்களிடம் யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்ததே, அதில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி தங்கைதான் சொன்னாள். அவள் தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்துப் பிடித்துப் பிறகு தளர்த்தச் சொன்னாள், குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டச் சொன்னாள். கத்தரியை முதலில் கூர் தீட்டச் சொன்னாள். பெரிய நிம்மதி தந்தது அந்தக் கூர்தான். மழுங்கின கத்தரியில் ஒவ்வொரு வெட்டுக்கும் தோள் கூடுதலாக உழைக்கிறது. இப்போது மேஸ்திரியிடம் கேட்டு வாரம் ஒருமுறை தீட்டிக்கொள்கிறோம்.

தாண்டிக்குடி (கொடைக்கானல் மலை), மிளகு பறிப்பவர்

எங்களுக்கு ஒற்றை மூங்கில் ஏணி. சில்வர் ஓக் மரத்தில் சாத்தி ஏறுவோம். ஒரு கால் வழுக்கினால் தொடை இடுக்குச் சதை பிடுங்கிக்கொள்ளும். அதற்கு அண்ணன் சொன்ன வைத்தியமே போதும். நான் சொல்ல வருவது வேறு. கூட வேலை செய்த ஒருவர் காப்பி மூட்டையைத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. சுளுக்கு என்றே எல்லோரும் நினைத்தோம். சாயங்காலம் இரண்டு காலும் மரத்து, உட்காருகிற இடத்தில் உணர்ச்சியே இல்லை, சிறுநீரும் வரவில்லை. அது தண்டுவட நரம்பு நசுங்குகிற அறிகுறி, மணிக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பைக்கில் பின்னால் உட்கார வைக்காமல் ஜீப்பில் படுக்க வைத்து வத்தலக்குண்டுக்கு இறக்கினோம். 108-ஐயும் அப்போதே கூப்பிட்டுவிட வேண்டும், பாதி வழியில் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, நாள் முழுக்கப் பாரம் தூக்கியபின் சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் அதுவும் சும்மா விடுகிற விஷயம் இல்லை. சதை சிதைந்து சிறுநீரகத்தில் இறங்குவதாக இருக்கலாம்.

மீண்டும் கேத்தி பாலாடா

தாண்டிக்குடித் தம்பி சொன்னதை எங்கள் குழுவில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டேன். கோத்தகிரித் தங்கச்சி, கூர் தீட்டுகிற விஷயம் எங்கள் களைக்கொத்துக்கும் பொருந்தும்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஓர் ஆண் தூக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. ஈர வரப்பிலும் சரிவிலும் அதுவே அதிகம். மூட்டையைச் சின்னதாகக் கட்டச் சொல்லித் தோட்டக்காரர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். நடை கூடும், நேரமாகும் என்கிறார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் கேரட், பூண்டு தூக்குகிறவர்கள் இருந்தால், அங்கே ஒரு மூட்டை எத்தனை கிலோ கட்டுகிறார்கள், குறைத்துக் கேட்டு வாங்கிய குழு ஏதாவது உண்டா, சொல்லுங்கள்.